நெஞ்சு எரியாதவன்

வயிற்றுத் தொந்தரவு என் மனைவி கஸ்தூரிக்குத்தான். நான் துணைக்குப் போனவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைக் கேட்கிற எல்லாரும் நடுவில் ஒருமுறை, "இருங்க, டெஸ்ட் யாருக்கு எடுத்தாங்க?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. நாங்கள் ஜோகுபாளையத்தில் இருந்தோம், இப்போதும் அங்கேதான். நான் நகரப் பேருந்தில் கண்டக்டர். பழைய மெட்ராஸ் ரோடு, சிவாஜி நகர், மார்க்கெட், இவ்வளவுதான் என் உலகம். கஸ்தூரி ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டினாள். ஒரே மகள் ரேவதி பி.காம். படித்துக்கொண்டிருந்தாள்.

கஸ்தூரிக்குப் புளிக்குழம்பு ஆகாது, போண்டா ஆகாது, சில நாள் வெறும் தண்ணீரே ஆகாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவள் கைப்பையில் சில்லறை இருக்கிறதோ இல்லையோ, சப்புகிற மாத்திரை இருக்கும். "வயித்துக்குள்ள ஸ்டவ் எரியுதுங்க" என்பாள். எனக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கடைசி டிரிப் முடித்து வீட்டுக்கு வந்து, மிச்சமிருக்கும் சோறும் குழம்பும் ஒரு பிடி பிடித்து, அப்படியே பாயில் சாய்ந்தால் காலையில்தான் விழிப்பேன். கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று என்னைப் பற்றி நானே பெருமையடித்துக்கொள்வேன். தொண்டை மட்டும் எப்போதும் கட்டிக்கொண்டிருக்கும். கனைத்துக்கொண்டே இருப்பேன். நாளெல்லாம் கன்னடத்தில் "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கூட்டத்தை முன்னால் தள்ளுகிறவனுக்குத் தொண்டை கட்டாமல் என்ன செய்யும்?

ஒரு நாள் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதே கஸ்தூரிக்கு நெஞ்சு வலி வந்து, கூட வேலை செய்கிறவர்கள் பயந்துபோய் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இதயத்தில் ஒன்றும் இல்லை, வயிற்று டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். அப்படித்தான் நகரத்தின் பெரிய மருத்துவமனை ஒன்றின் வயிறு, குடல் பிரிவில் போய் உட்கார்ந்தோம்.

டாக்டர் சுமித்ரா மைசூர்ப் பக்கத்துக்காரர். எங்களைப் போன்றவர்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். கஸ்தூரி சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், மருந்து எழுதினார், உள்ளே குழாய் விட்டு ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார். பிறகு பேனாவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எவ்வளவு நாளா இந்தத் தொண்டை?"

எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

"எனக்கா? எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். நான் சும்மா கூட வந்தேன்."

"உட்கார்ந்ததிலேர்ந்து கனைச்சுக்கிட்டே இருக்கீங்களே."

"கண்டக்டர் டாக்டர் நான். கத்திக் கத்தி அப்படி ஆயிடுச்சு."

கஸ்தூரிக்குத் தன் வலி மறந்துபோய்விட்டது. "பல வருசமா இப்படித்தான் டாக்டர். காலைல எழுந்தா பழைய லாரி ஸ்டார்ட் ஆவற மாதிரி கர்ர், கர்ர்னு. வாயெல்லாம் புளிக்குதுன்னு துப்பிக்கினே இருப்பாரு. குரல் உடைஞ்சு பாதி நாள் பேச்சே வராது. தூக்கத்துல திடீர்னு பொரை ஏறி எழுந்து உக்காருவாரு."

"எதெ உரி? நெஞ்சு எரியுமா?"

"எரிஞ்சதே இல்ல டாக்டர்" என்றேன், பரீட்சையில் தேறியவன் போல.

அவர் சிரிக்கவில்லை. வயதைக் கேட்டார், ஐம்பதைத் தாண்டியிருந்தேன். பீடி உண்டா என்றார், உண்டு. சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்துப் படுப்பீர்கள் என்றார். நான் விழித்தேன். சாப்பாட்டுக்கும் பாய்க்கும் நடுவில் நேரம் என்று ஒன்று விட வேண்டும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கடைசியாக என் தொந்தியை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். தொண்டையிலிருந்து இரைப்பைக்குப் போகிற குழாய். அடியில் ஒரு சுருக்குப் பை வாய். அந்த வாய் தளர்ந்துபோனால் இரைப்பையின் அமிலம் மேலே ஏறும். கஸ்தூரிக்கு ஏறினால் எரியும், அவளுக்குத் தெரிந்துவிடும். சிலருக்கு அது எரிச்சல் காட்டாமலே தொண்டை வரைக்கும் வந்துவிட்டுப் போகும். தொண்டைக்கட்டு, கனைப்பு, வறட்டு இருமல், காலையில் வாயில் புளிப்பு, இவைதான் அது வந்துபோன தடயம். சைலன்ட் ரிஃப்ளக்ஸ் என்று அதற்குப் பெயர்.

"இப்படி இருக்கிற எல்லாருக்கும் குழாய் விட்டுப் பார்க்க மாட்டேன். அவசியமில்லை. ஆனா உங்க வயசு, பீடி, இந்தத் தொப்பை, இத்தனை வருஷம்... எல்லாம் சேர்த்துப் பார்த்தா உங்களை விட மனசில்லை. அவங்களோட நீங்களும் வந்துடுங்க" என்றார்.

வெளியே வந்ததும் நான் கஸ்தூரியிடம் எரிந்து விழுந்தேன். "உனக்குக் காட்ட வந்தா என்னை மாட்டி வுட்டுட்டியே."

"வாங்க, கூட்டமா போனா தைரியமா இருக்கும்" என்றாள்.

அந்தச் சோதனைக்கு எண்டாஸ்கோப்பி என்று பெயர். நுனியில் விளக்கும் கேமராவும் வைத்த கறுப்புக் குழாய், சுண்டுவிரல் பருமன் இருக்கும். வெறும் வயிற்றில் போக வேண்டும். தொண்டையில் ஒரு கசப்பு மருந்தைப் பீய்ச்சினார்கள். கொஞ்ச நேரத்தில் என் நாக்கு யாருடையதோ போல் ஆனது. இடது பக்கமாகப் படுக்க வைத்து, பல்லிடுக்கில் பிளாஸ்டிக் வளையம் ஒன்றைக் கடிக்கக் கொடுத்தார்கள். குழாய் தொண்டையைத் தாண்டும்போது உயிரே வெளியே வந்துவிடும் போலிருந்தது. தாண்டிய பிறகு குமட்டல் மட்டும். கண்ணில் நீர் கொட்ட, மருத்துவமனைத் தலையணையின் நீலக் கோடுகளையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். நர்ஸ் ஒருத்தி என் தோளைத் தட்டியபடியே, "மூக்குல மூச்சு விடுங்க, ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கை இல்லாவிட்டால் குழாயைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

கஸ்தூரிக்கு ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். எனக்கு நேரம் ஆகிக்கொண்டே போனது. டாக்டர் பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாக ஏதோ சொல்வதும், குழாய்க்குள் ஒரு கம்பி போய் வருவதும், சின்னக் கண்ணாடிப் புட்டிகள் ஒவ்வொன்றாக நிறைவதும் கடைக்கண்ணில் தெரிந்தன.

கஸ்தூரிக்கு லேசான புண், மாத்திரையில் ஆறிவிடும் என்றார்கள். எனக்கு டாக்டர் திரும்பவும் படம் போட்டார். உணவுக்குழாயின் உள்தோல் வெளிர் நிறத்தில், நம் கன்னத்தின் உட்புறம் போல இருக்க வேண்டுமாம். எனக்கு இரைப்பையின் வாயிலிருந்து மேல்நோக்கி, சிவப்பாக, நாக்கு நாக்காக ஏறியிருந்ததாம். வருடக்கணக்கில் அமிலம் பட்டுப் பட்டு, தாங்க முடியாத பழைய தோலை உடம்பு கைவிட்டு, அமிலம் தாங்குகிற வேறு தோலை, குடலில் இருப்பது போன்ற தோலை, அங்கே வளர்த்துவிடுமாம். பாரெட் என்று ஒரு பெயர் சொன்னார். அது புற்றுநோய் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஆயுசு முழுக்க அப்படியே இருந்துவிடும். சிலருக்கு மட்டும் அந்தப் புதுத்தோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகும். கெட ஆரம்பித்துவிட்டதா என்பது வெளிப்பார்வைக்குத் தெரியாது. அதனால்தான் துணுக்குத் துணுக்காகக் கிள்ளி எடுத்திருக்கிறோம், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. "எனக்கு வலியே இல்லையே டாக்டர்?"

"அதான் கஷ்டம்" என்றார்.

முடிவு வருவதற்கு முன்பிருந்த நாட்களில் நான் சரியாக வேலை செய்யவில்லை. பத்து ரூபாய்க்கு மீதி கொடுத்த ஒருவருக்கே மறுபடியும் மீதி கொடுத்தேன். என் வண்டியின் டிரைவர் நஞ்சுண்டப்பா, பல வருடமாக என் ஜோடி. ஒன்றும் கேட்காமல் டீக்கடையில் எனக்கு டீக்குப் பதிலாகப் பால் சொல்ல ஆரம்பித்தார். கஸ்தூரி சொல்லிவைத்திருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

கெட ஆரம்பித்திருக்கிறது, ஆனால் முதல் படியில்தான் இருக்கிறது என்று வந்தது முடிவு. அமிலத்தை அடக்குகிற மாத்திரை, காலையும் மாலையும். பீடி நிறுத்தம். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாடு. கட்டிலின் தலைமாட்டை உயர்த்த வேண்டும். எங்களிடம் கட்டிலே கிடையாது. கஸ்தூரி தன் அண்ணன் வீட்டிலிருந்து பழைய இரும்புக் கட்டில் ஒன்றைக் கொண்டுவந்து, புதிதாக வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு வாங்கிய செங்கல்லைத் தலைப்பக்கக் காலுக்கு அடியில் வைத்தாள். முதல் நாள் காலையில் நான் சரிந்து சரிந்து கால்மாட்டில் குவியலாகக் கிடந்தேன். ரேவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்துப் பல நாளாகியிருந்தது. எனக்கு ராத்திரி ஷிஃப்ட் வேண்டாமென்று நஞ்சுண்டப்பாவே டிப்போ மேனேஜரிடம் பேசி, தன்னுடைய ஷிஃப்டையும் என்னுடையதோடு சேர்த்துப் பகலுக்கு மாற்றிக்கொண்டார்.

சில மாதங்களில் என் தொண்டை தெளிந்தது. காலையில் லாரி ஸ்டார்ட் ஆகவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்றே நம்பினேன். இரண்டாவது முறை குழாய் விடப் போனபோது எனக்குப் பயமே இல்லை.

அன்று காத்திருக்கும் ஹாலில் என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் முனுசாமி, அத்திபெலேயில் டயர்க் கடை வைத்திருந்தார். சட்டை இரண்டு ஆள் போடலாம் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. மடியில் ஒரு ஃபிளாஸ்க்.

"உங்களுக்குச் சோறு இறங்குதா?" என்று கேட்டார்.

"இறங்குதுங்க."

"இட்லி?"

"எல்லாம் இறங்குது."

"அப்ப எதுக்கு வந்தீங்க?" அவர் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

சும்மா பார்த்து வைக்கச் சொன்னார்கள் என்றேன்.

"எனக்கு ரொம்ப வருசம் நெஞ்சு எரிஞ்சுதுங்க. சோடா குடிப்பேன், ஓமத் தண்ணி குடிப்பேன். அப்புறம் ஒரு கட்டத்துல தானாவே நின்னு போச்சு. சாமி புண்ணியத்துல விட்டுதுன்னு திருப்பதிக்கே போய்ட்டு வந்தேன்" என்று ஃபிளாஸ்க்கைத் தடவினார். "இப்ப பால் மட்டுந்தான் இறங்குது. அதுவும் நின்னு நின்னு."

உள்ளே போனபோது டாக்டரிடம் அவரைப் பற்றிக் கேட்டேன். அவர் பெயரைச் சொல்லாமல் பொதுவாகச் சொன்னார். "அந்தப் புதுத்தோலுக்குச் சுரணை கம்மி. அமிலம் பட்டாலும் அவ்வளவா தெரியாது. எரிச்சல் நின்னுடுச்சுன்னு சந்தோஷமா இருப்பாங்க. அப்ப வந்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டு என் வாயில் வளையத்தை வைத்தார்.

அந்த முறை இன்னும் அதிகமாகக் கிள்ளினார்கள். முடிவு சொல்ல டாக்டர் எங்கள் இருவரையும் வரச் சொன்னபோதே கஸ்தூரிக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

மாற்றம் கடைசிப் படிக்கு வந்திருந்தது. அதற்கு அடுத்தது புற்றுநோய். துணுக்குகளை வேறொரு மருத்துவமனையின் நிபுணருக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். அவரும் அதையே சொன்னார்.

அறுவை சிகிச்சை டாக்டர் உயரமான மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார். ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே இருப்பது. புற்றுநோய் தென்பட்டால் அப்போது வெட்டுவது. இதில் ஆபத்து என்னவென்றால், கிள்ளிய இடத்துக்கும் கிள்ளிய இடத்துக்கும் நடுவில் அது ஒளிந்திருக்கலாம். இன்னொன்று, இப்போதே உணவுக்குழாயை எடுத்துவிடுவது. இரைப்பையைக் குழாய் போல் தைத்து மேலே இழுத்துக் கழுத்தில் இணைப்பார்கள்.

"பெரிய ஆபரேஷன். உயிருக்கே ஆபத்து வரலாம். சின்ன விஷயம்னு சொல்லி உங்களைப் படுக்க வைக்க மாட்டேன்" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. டாக்டர் மேல் இல்லை. யார் மேல் என்று தெரியாத கோபம். நான் சாப்பிடுகிறேன், ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறுகிறேன், ஒரு இடத்தில் வலியில்லை. வந்துவிட்ட நோய்க்கு வெட்டினால் அர்த்தமுண்டு. வராத நோய்க்கு எதற்கு? கஸ்தூரியின் அண்ணனும் அதையேதான் சொன்னார். "நல்லா இருக்கற மனுசனைக் கொண்டுபோய்க் கத்திக்குக் கீழ படுக்க வெக்கணுமா?"

டெர்மினஸில் வண்டியை நிறுத்திவிட்டு நஞ்சுண்டப்பாவிடம் கேட்டேன். அவர் ஸ்டியரிங்கை விட்டுக் கையெடுக்கவில்லை.

"நான் இன்னா சொல்றது ஏழுமலை? எனக்குச் சொல்லியிருந்தா நான் ஊருக்கு ஓடிப் போயிருப்பேன். ஆனா நீ படுத்தின்னா ரக்தா நான் கொடுக்கறேன். டிப்போல பத்துப் பேரைக் கூட்டிக்கினு வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை. கஸ்தூரி முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் படியில் உட்கார்ந்து, ஆபரேஷன் வேண்டாம், பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று முடிவு செய்துவிட்டதாகச் சொன்னேன். அவள் கையிலிருந்த என் காக்கிச் சட்டையை உதறிக் கொடியில் போட்டு, கிளிப்பை மாட்டிவிட்டுத் திரும்பினாள்.

"நீங்க பாத்துக்கினு இருக்கப் போறீங்களா? நீங்க சாப்ட்டுட்டு வேலைக்குப் போவீங்க. பாத்துக்கினு இருக்கப் போறது நானு. நீங்க ஒவ்வொரு வாய் முழுங்கும்போதும் இறங்குதா இறங்குதான்னு பாக்கணும். இத்தனை மாசமா அதைத்தான் பண்றேன், உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

"மூணு மாசத்துக்கு ஒருக்கா பயப்பட என்னால ஆவாதுங்க. ஒரே தடவையா பயந்துடறேன்."

சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். மறுநாள் டாக்டரிடம் சம்மதம் சொன்னேன்.

ஆபரேஷன் அன்று என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது ரேவதி கட்டிலோடு கூடவே ஓடிவந்தது ஞாபகமிருக்கிறது. கதவில் பெரிய மஞ்சள் விளக்கு. பிறகு ஒன்றும் இல்லை. காலையில் உள்ளே போனவனைச் சாயங்காலம்தான் வெளியே கொண்டுவந்தார்களாம். அத்தனை நேரமும் கஸ்தூரி மர பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை என்று ரேவதி சொன்னாள். நஞ்சுண்டப்பா சொன்ன பத்துப் பேரும் ரத்தம் கொடுத்துவிட்டு, யூனிஃபார்மோடு, படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்களாம். ஸ்ட்ரைக்கா என்று செக்யூரிட்டி வந்து கேட்டானாம்.

கண் விழித்தபோது உடம்பில் குழாய் இல்லாத இடமே இல்லை. மூக்கில் ஒன்று, விலாவில் ஒன்று, வயிற்றில் சாப்பாட்டுக்கென்று ஒன்று. வாயில் மூச்சுக்கான குழாய், பேச முடியாது. தொண்டையில் சளி கட்டினால் ஒரு மெஷினை வைத்து உறிஞ்சி எடுப்பார்கள். நல்லதற்குத்தான். ஆனால் அப்போது நெஞ்சிலிருக்கும் காற்றெல்லாம் சேர்ந்து போவது போலிருக்கும். போதும், நிறுத்துங்கள் என்று சொல்ல வழியில்லை. நான் கட்டில் கம்பியைத் தட்டினேன். நர்ஸ் வலி என்று நினைத்து ஊசி எடுக்கப் போனாள்.

அடுத்த நாள் பார்வை நேரத்தில் நஞ்சுண்டப்பா வந்து நின்றார். அப்போதும் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். நான் கம்பியை ஒரு தட்டு தட்டினேன்.

"சிஸ்டர், நில்சி, நில்சி!" என்று பதறிவிட்டார். "நிறுத்தச் சொல்றான். ஒரு தட்டு தட்டினா நிறுத்து. ரெண்டு தட்டினா போகலாம். எங்க வண்டில அப்படித்தான்."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் இரண்டு தட்டு தட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பிரிவில் எல்லாருக்கும் அந்தப் பாஷை தெரிந்துவிட்டது. எனக்கு மூச்சு வாங்கிக்கொள்ள இடைவெளி கிடைத்தது. வலி அப்படியேதான் இருந்தது. ஆனால் உறிஞ்சுவதை நிறுத்தச் சொல்லும் வசதி கையில் இருந்ததால் பாதி பயம் போய்விட்டது.

வார்டுக்கு மாற்றிய பிறகும் ஒரு வாரம் போல வாயில் ஒன்றும் கிடையாது. வயிற்றுக் குழாயில் பால் போன்ற ஒன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். பசியைவிடத் தாகம்தான் பெரிய பாடு. ஜன்னலுக்கு வெளியே யாரோ குழாயைத் திறந்தால் என் காது அங்கே போய்விடும். கஸ்தூரி ஈரப் பஞ்சால் என் உதட்டை நனைத்துக்கொண்டே இருப்பாள். அவள் எப்போது சாப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியவே இல்லை. என் கண்ணில் பட அவள் ஒரு பிஸ்கட் கூடத் தின்று நான் பார்த்ததில்லை. ஒரு நாள் என் நெற்றியைத் தடவியபோது அவள் விரலில் எலுமிச்சை சாத வாசம் அடித்தது. வெளியே வராந்தாவில் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, ரேவதி கொண்டுவரும் டப்பாவிலிருந்து அவசர அவசரமாகத் தின்றுவிட்டு வருகிறாள். அந்த வாசத்தை நான் கண்டுகொண்டதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு நாள் எக்ஸ்ரே அறையில் நிற்க வைத்து, ஒரு மருந்தை விழுங்கச் சொன்னார்கள். கழுத்தில் தைத்த இணைப்பு கசிகிறதா என்று பார்க்க. அவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ஆபரேஷனைவிடப் பெரிதாக இருந்தது. கசியவில்லை. வார்டுக்குத் திரும்பியதும் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தார்கள். தண்ணீருக்கு ருசி உண்டு. அது கழுத்திலிருந்து கீழே போகிற பாதை முழுக்க எனக்குத் தெரிந்தது. "இன்னொண்ணு" என்று கேட்டேன். குரல் காற்றாக வந்தது. கழுத்தில் வேலை செய்ததில் குரல் நரம்புக்கு அடி. நாளாக ஆகத் தேறும், பழையபடி முழுசாக வருமா என்பது சொல்ல முடியாது என்றார்கள். கண்டக்டர் வேலை அவ்வளவுதான் என்பது அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து முடிவு கேட்க டாக்டர் சுமித்ராவிடம் போனோம். எடுத்த பாகம் முழுவதையும் சீவிச் சீவிப் பார்த்திருந்தார்கள். மூன்று இடத்தில் கடைசிப் படி மாற்றம் இருந்தது. புற்றுநோய் எங்கேயும் இல்லை.

கஸ்தூரி கைகூப்பினாள். எனக்கும் நிம்மதிதான். ஆனால் அந்த நிம்மதியின் பின்னாலேயே வேறொன்று வந்து நின்றது. கழுத்திலும் வயிற்றிலும் தையல், பாதிக் குரல், கையளவு சாப்பாடு. எல்லாம் இல்லாத ஒன்றுக்காகவா?

"அப்ப வெட்டாமலே இருந்திருக்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன். என் காற்றுக் குரலில் கேட்டதால் அது கெஞ்சுவது போல இருந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இருந்திருக்கலாம். உங்களுக்கு அது வராமலே கூடப் போயிருக்கலாம். அடுத்த வருஷமே வந்திருக்கவும் செய்யலாம். எது நடந்திருக்கும்னு இனிமே யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அது நமக்குத் தெரிய வராமலே போகணும்னுதான் இதைப் பண்ணினோம்" என்றார்.

"தெரியவே வேணாம் டாக்டர்" என்றாள் கஸ்தூரி உடனே.

அவளுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. வீட்டில் படுத்திருந்த வாரங்களில் அதைத்தான் மென்றுகொண்டிருந்தேன். முனுசாமியின் சட்டை ஞாபகம் வரும். அவர் என்ன ஆனார் என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே நல்லது என்று பட்டது. டிப்போவில் எனக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். சம்பளம் குறையும், கஸ்தூரி ஓவர்டைம் செய்ய வேண்டியிருக்கும். அவளுடைய அந்த நெஞ்செரிச்சல் மட்டும் மாத்திரையில் அடங்கிப்போயிருந்தது.

அந்த நாட்களில் எனக்குப் பசி என்பதே இல்லை. இரைப்பையைக் குழாயாக்கி மேலே இழுத்துவிட்டதால் அப்படித்தான் இருக்கும், கடிகாரம் பார்த்துச் சாப்பிட்டு வாருங்கள், பசி வரும்போது வரும், சிலருக்கு வராமலும் போகும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். கஸ்தூரி இரண்டு மணிக்கு ஒருதரம் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைப்பாள்: குழைந்த சாதம், ராகிக் கஞ்சி, வேகவைத்த ஆப்பிள். அவள் திரும்ப வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு ரேவதி வைப்பாள். நான் மருந்து குடிப்பது போல முழுங்குவேன். அதிகம் போனால் நெஞ்சு அடைத்து, வேர்த்து, படபடவென்று வரும். சாப்பாடு என்றாலே ஒரு வேலை.

மழை பெய்து ஓய்ந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம். கஸ்தூரிக்கு அரை நாள். சமையற்கட்டில் யாருக்கோ தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்; ரேவதியின் சிநேகிதி வந்திருந்தாள் என்று நினைக்கிறேன். நான் சாய்வாகப் படுத்து ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லில் மாவு விழும் சத்தம் கேட்டது. வயிற்றிலா, நெஞ்சிலா, எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. இரைப்பை இப்போது எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாதே. எங்கேயோ ஒரு இடத்தில் ஏதோ இழுத்தது. அது என்னவென்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

"கஸ்தூரி" என்று கூப்பிட்டேன். என் குரல் சமையற்கட்டு வரைக்கும் போகாது. ஆனாலும் அவள் கையில் தோசைத் திருப்பியோடு வாசலில் வந்து நின்றாள். "இன்னா ஆச்சுங்க? வலிக்குதா?"

"இல்ல" என்றேன். "பசிக்குது."

அவள் என்னையே பார்த்தாள். அந்த நோய் தொடங்கியதிலிருந்து, மர பெஞ்சிலும் வராந்தாவிலும் டாக்டர் அறையிலும், ஒருமுறை கூட அழாதவள், அங்கேயே நிலைப்படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உள்ளே தோசை கருகுகிற வாசம் வந்தது. ரேவதி ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

நான் இரண்டு வாய்தான் தின்றேன். அந்தக் கருகிய தோசையைத்தான். வேறு வார்த்துத் தருகிறேன் என்றாள் கஸ்தூரி. அவ்வளவு நேரம் என்னால் காத்திருக்க முடியவில்லை.